கடல்நீர்த் தொட்டியில் திரும்பத் திரும்ப வரும் இழைப்பாசி: காரணம் கடல்நீரா, கிணற்று நீரா?

முள்ளியவளை நெய்தல்:

அனைவருக்கும் வணக்கம். முள்ளியவளையில் எங்கள் வீட்டில் 200 லீற்றர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டாம்சல், சில துறவி நண்டுகள், கொழும்பில் வாங்கிய ஏறத்தாழ 20 கிலோ உலர்பாறை ஆகியவையே அதில் உள்ளவை. பவளம் எதுவும் இல்லை. கடல்நீரை அளம்பில் கரையில் எடுத்து, துணியில் வடித்து, சில நாள் இருட்டில் வைத்த பின்னரே தொட்டிக்கு விடுகிறேன். மாதம் ஒருமுறை 20 லீற்றர் மாற்றுகிறேன். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிகிறது. சன்னல் வெயில் தொட்டியில் விழுவதில்லை.

பாறைகள் முழுவதும் விரல் நீளத்துக்குப் பச்சை நிற இழைப்பாசி வளர்ந்திருக்கிறது. கையால் பிடுங்கி, பற்தூரிகையால் தேய்த்து, மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடியும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் குறைந்து, பின்னர் முன்னைவிடச் செழிப்பாகத் திரும்புகிறது. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கிய பின்னர் நிலைமை இன்னும் மோசம். ஆனால் சோதனைப் பெட்டியில் பார்த்தால் நைத்திரேற்று லீற்றருக்கு 5 மில்லிகிராம், பொசுபேற்று 0.02 மில்லிகிராம் என்று, எந்தக் கையேட்டின்படியும் குறை சொல்ல முடியாத எண்களே வருகின்றன. நீர் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது பாசி எதை உண்டு வளர்கிறது?

இரணைமடு ரீச்சர்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். சோதனைப் பெட்டி அளப்பது நீரில் மிஞ்சி நிற்பதை மட்டுமே. தொட்டிக்குள் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை அது அளப்பதில்லை. விரல் நீளப் பாசி பாறை முழுவதும் இருக்குமானால், வருகிற நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் அந்தப் பாசியே உடனுக்குடன் எடுத்துக்கொள்கிறது. எண் குறைவாக இருப்பதற்குப் பாசிதான் காரணம். நீங்கள் அதைப் பிடுங்கிய மறுவாரம் ஒருமுறை அளந்து பாருங்கள், எண் ஏறியிருக்கும்.

மருந்து, மீன், நத்தை என்று எதையும் தேடிப் போகும் முன் இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று, பாசியின் தோற்றம். நீரிலிருந்து வெளியே எடுத்ததும் ஈரப் பஞ்சுபோலச் சுருண்டு படுத்துவிடுகிறதா, அல்லது ஒவ்வொரு இழையும் இருபுறமும் கிளைவிட்டுச் சிறிய இறகின் வடிவத்தில் இருக்கிறதா? இரண்டாவது, நாளாந்தம் ஆவியாகும் நீருக்கு ஈடாக எந்த நீரை, எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? கடல்நீர் எடுக்கும் இடத்தைச் சொன்னீர்கள், இதைச் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான் வயல்:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். குளத்துப் பாசிக்கும் தொட்டிப் பாசிக்கும் மயில்துத்தம் போட்டால் போதும். வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஒரு சிட்டிகை போட்டால் இரண்டு நாளில் நீர் தெளிந்துவிடும்.

பேசாலை அலை:

வயல் அண்ணா, கோபிக்க வேண்டாம். இந்த ஆலோசனையை யாரும் கடல்நீர்த் தொட்டியில் செய்து பார்க்கக் கூடாது. மயில்துத்தம் என்பது செப்புச் சல்பேற்று. முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்குச் செப்பு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. நெய்தலின் துறவி நண்டுகள் பாசிக்கு முன்னரே செத்துப்போகும். அதைவிடப் பெரிய தொல்லை, செப்பு சுண்ணப் பாறையிலும் மணலிலும் படிந்து நின்று, நீண்ட காலத்துக்குச் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருப்பது. அந்தப் பாறையை வைத்து இனி நத்தையோ பவளமோ வளர்க்கும் எண்ணத்தையே கைவிட வேண்டியதாகிவிடும். மீனுக்கு நோய் கண்டு செப்பு மருந்து கொடுப்பவர்கள்கூட அதை வெறுந்தொட்டியில்தான் செய்வார்கள்.

பாசி தின்னும் உயிர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் கடலில் பாசி மேய்வதில் ஓரா மீனுக்கு நிகரில்லை. அதன் குஞ்சு ஒன்றை விட்டால் இழைப்பாசியை மளமளவென்று மேய்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஓரா விரைவில் பெரிதாக வளர்ந்துவிடும் மீன். 200 லீற்றர் அதற்குச் சிறைதான். அதன் முள்ளில் நஞ்சு உண்டு என்பதை வலை தெரிந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். தொட்டிக்குள் வெறுங்கையை விடுபவர்கள் மறந்துவிடுவார்கள். மேயும் நத்தைகள், குறிப்பாக ட்ரோக்கஸ், டர்போ வகைகள், இந்த அளவுத் தொட்டிக்குப் பொருத்தம். ஆனால் அவை குட்டையான பாசியைத்தான் சுரண்டும். விரல் நீள இழையைக் கண்டால் சுற்றிப் போய்விடும். எனவே முதலில் கையால் பிடுங்குங்கள், பின்னர் நத்தையை விடுங்கள்.

கரையில் நத்தை பொறுக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அழகான வலைக்கோலம் போட்ட, ஒரு முனை கூம்பிய நத்தையைக் கையால் தொடாதீர்கள். கூம்பு நத்தைகள் நஞ்சு ஊசியால் குத்துபவை. அவற்றில் சில வகைகள் மனிதரைக் கொன்றுமிருக்கின்றன. அவை பாசி தின்பதும் இல்லை. பவளப் பாறைத் துண்டுகளையும் கடலிலிருந்து எடுத்து வராதீர்கள்; இலங்கையில் அது சட்டப்படி குற்றம்.

முள்ளியவளை நெய்தல்:

ரீச்சர், பாசியை எடுத்துக் கையில் வைத்தேன். ஈரப் பஞ்சுபோலப் படுத்துவிட்டது. கிளை எதுவும் தெரியவில்லை. ஆவியாகும் நீருக்கு எங்கள் வளவுக் கிணற்று நீரையே ஊற்றுகிறேன். அறை வெப்பநிலை 31 பாகைக்கு மேல் போவதால் நீர்மட்டத்தின் மேல் மின்விசிறி ஓடுகிறது. அதனால் தொட்டி 27 பாகையில் நிற்கிறது. ஆனால் சோளகக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லீற்றர் குறைகிறது. இன்று அதே சோதனைப் பெட்டியால் கிணற்று நீரையும் பார்த்தேன். நைத்திரேற்று 10 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு 50 வரை ஏற்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், இது நல்ல கிணறு என்றுதான் நினைக்கிறேன்.

இரணைமடு ரீச்சர்:

குடிப்பதற்கு நல்ல கிணறுதான். ஆனால் நீங்கள் அந்த நீரைத் தொட்டிக்குக் குடிக்கக் கொடுக்கவில்லை. காய்ச்சி வற்ற வைக்கிறீர்கள். ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதுதான் உங்கள் அறையிலும் நடக்கிறது: காற்றும் வெயிலும் நீரை மட்டும் எடுத்துச் செல்கின்றன, கரைந்திருந்ததெல்லாம் பாத்தியில் நின்றுவிடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 4 லீற்றர், லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்றால் ஒரு நாளில் 40 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ளே வருகிறது. அது 200 லீற்றரில் பரவும்போது, லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் ஏற்றம். மாதத்துக்கு 6 மில்லிகிராம். மீனுக்கு இடும் உணவு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. மாதம் ஒருமுறை 20 லீற்றர் மாற்றுவது தொட்டியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே வெளியேற்றும். மாதம் 6 மில்லிகிராம் வந்து, பத்தில் ஒன்று மட்டும் வெளியேறினால், வரவும் செலவும் சமமாவதற்கு நீரின் செறிவு 60 மில்லிகிராமை எட்ட வேண்டும். உங்கள் தொட்டியில் 60 இல்லை, 5தான் இருக்கிறது. இடையில் உள்ள வித்தியாசம் எங்கே போனது என்றால், பாறையில் பச்சையாக நிற்கிறது. சோளகத்தோடு பாசி கூடியதற்கும் இதுவே காரணம். காய்ந்த காற்று கூடுதலாக நீரை எடுக்க எடுக்க, நீங்கள் கூடுதலாகக் கிணற்று நீரை ஊற்றுகிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆய்வுகூட அறிக்கைகளில் சில நைத்திரேற்றை அப்படியே தரும். சில அதிலுள்ள நைதரசனை மட்டும் தரும். இரண்டாவது வகை எண்ணை 4.43 ஆல் பெருக்கினால்தான் முதல் வகை எண் கிடைக்கும். அறிக்கையில் 10 என்று இருப்பது 44 ஆகவும் இருக்கலாம். வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவில் உள்ள கிணறுகளில் யூரியா இட்ட பின் எண் மாறுவதால், ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது.

செட்டிகுளம் ஆர்ஓ:

நான் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்பவன். எங்கள் பக்கத்தில் சிறுநீரக நோய்ப் பயத்தால் ஊருக்கு ஊர் ஆர்ஓ நிலையங்கள், அதாவது நீரை நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் நிலையங்கள், வந்துவிட்டன. வன்னியில் மற்ற இடங்களிலும் காசு போட்டுப் பிடிக்கலாம். ஈடு நீராக அதைப் பயன்படுத்துவதே இலகு. கரைந்த திண்மம் லீற்றருக்கு 600 மில்லிகிராம் உள்ள குழாய்க்கிணற்று நீர், நல்ல சவ்வு வழியாக வந்தால் 30 அளவில் நிற்கும்.

ஆனால் இரண்டு விடயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்ற உப்புகளைவிட நைத்திரேற்று சவ்வைச் சற்று இலகுவாகக் கடந்துவிடும். சவ்வு பழையதானால் இன்னும் அதிகம். திண்ம அளவுமானி மொத்தத்தைத்தான் சொல்லும், அதில் எது எவ்வளவு என்று சொல்லாது. ஆகவே வாங்கும் நீரையும் நைத்திரேற்றுச் சோதனையில் போட்டுப் பாருங்கள். முடியுமானால் கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் அயன் பரிமாற்றப் பிசின் நிரப்பிய சிறு குழாயொன்றை வாங்கி, அந்த நீரை அதன் வழியாக மெதுவாக விட்டால் அளவுமானி பூச்சியத்தைக் காட்டும். கருங்கல் நிலத்துக் குழாய்க்கிணறுகளில் சிலிக்கா கரைந்திருப்பதால், சிலருடைய தொட்டிக் கண்ணாடியில் பழுப்பு நிறத் தூள்போலப் படியும் தயற்றம் பாசிக்கும் இந்தப் பிசின் நல்ல தீர்வு.

எனக்கு ஓர் ஐயம், ரீச்சர். நைதரசன் 16 பங்குக்குப் பொசுபரசு 1 பங்கு என்ற ரெட்ஃபீல்ட் விகிதத்தைப் படித்திருக்கிறேன். அப்படியானால் பொசுபேற்றை மட்டும் முற்றாக எடுத்துவிட்டால், நைத்திரேற்று எவ்வளவு இருந்தாலும் பாசி நின்றுவிடாதா?

இரணைமடு ரீச்சர்:

அந்த விகிதம் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்குரியது. பாறையில் ஒட்டி வளரும் கடற்பாசிகளை 1983இல் அட்கின்சன், ஸ்மித் ஆகிய இருவரும் ஆராய்ந்தபோது, இடைநிலை விகிதம் ஏறத்தாழ 30க்கு 1 என்று வந்தது. அதாவது, ஒட்டுப்பாசி மிகக் குறைந்த பொசுபரசோடு காலம் தள்ளக்கூடியது. பட்டினி போட்டுக் கொல்வது கடினம். தவிர, பொசுபேற்று நீரில் மட்டும் இல்லை. கல்சியம் காபனேற்றுப் பாறையின் மேற்பரப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீரில் குறையும்போது திரும்ப விடும். நெய்தலின் 20 கிலோ பாறையும் இவ்வளவு காலமும் அதைச் சேமித்திருக்கும். இரும்பு ஒட்சைட்டு மணிகளைப் பையில் போட்டு நீரோட்டத்தில் வைத்தால் சிறிது சிறிதாக எடுக்கலாம். அவசரப்பட்டு இரண்டு எண்களையும் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் டைனோஃபிளாஜெலேற்று என்ற, குமிழியோடு கூடிய பழுப்புச் சளி வந்து குடியேறும். அதை விரட்டுவதோடு ஒப்பிட்டால் இழைப்பாசி சாது.

முள்ளியவளை நெய்தல்:

கணக்கு விளங்கியது. கிணற்று நீரை நிறுத்திவிடுகிறேன். ஆர்ஓ நீர் எங்கள் பக்கத்திலும் கிடைக்கிறது. ஆனால் நாளுக்கு 4 லீற்றர் என்றால் மாதத்துக்கு 120 லீற்றர். சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு வருவதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஒட்டுசுட்டான் வயல்:

மயில்துத்தத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் மழைநீரை ஏன் யாரும் சொல்லவில்லை? ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து வழிந்தோடும் நீரைப் பிடித்து வைத்தால் கிணற்றுக்கும் போக வேண்டாம், நிலையத்துக்கும் போக வேண்டாம். எங்கள் வீட்டில் ஆயிரம் லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றை மழைக்கென்றே வைத்திருக்கிறோம்.

இரணைமடு ரீச்சர்:

இந்த உரையாடலில் வந்த ஆலோசனைகளில் வன்னிக்கு மிகவும் பொருந்துவது இதுதான். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். 20 சதுர மீற்றர் கூரைக்கு 50 மில்லிமீற்றர் மழை கிடைத்தாலே அந்தத் தாங்கி நிரம்பிவிடும். வாடைக் காலத்தில் அவ்வளவு மழை ஓரிரு நாளிலேயே பெய்துவிடுவதுண்டு. ஆயிரம் லீற்றர் என்பது நெய்தலின் தொட்டிக்கு 250 நாள் ஈடு நீர், அடுத்த சோளகத்தின் பெரும்பகுதியையும் தாங்கும் அளவு.

கூரையைப் பாருங்கள். ஓட்டுக் கூரை நல்லது. நாகம் (துத்தநாகம்) பூசிய தகரமென்றால் நாகம் கரைந்து வரும். அதுவும் செப்பைப்போல நத்தைகளுக்கு ஆகாது. பருவத்தின் முதல் மழைகளைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். ஒன்பது மாதத் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் இறங்கும். எச்சம் என்றால் பொசுபேற்று. தாங்கி கறுப்பாகவும், நுளம்பு புகாதபடி வலை கட்டியதாகவும் இருக்கட்டும்.

பாசியைப் பிடுங்குவதையும் நிறுத்தாதீர்கள். பிடுங்கி வெளியே எறியும் ஒவ்வொரு கைப்பிடியும், பாறையிலிருந்தும் உணவிலிருந்தும் வந்த ஊட்டத்தை வீட்டைவிட்டு அனுப்புகிறது. தொட்டிக்குள்ளேயே தேய்த்துவிட்டால் துண்டுகள் மிதந்து போய் மற்ற இடங்களில் ஒட்டிக்கொள்ளும். பாறையைத் தனி வாளியில், கடல்நீரில் வைத்துத் தேய்த்து, அந்த நீரை ஊற்றிவிடுங்கள். பிடிவாதமான இடங்களில் 3 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டைத் துளித்துளியாக விட்டு, சில நிமிடம் கழித்துக் கடல்நீரில் கழுவித் திரும்ப வைக்கலாம். இருட்டடிப்பு நல்ல முறை அல்ல என்பது என் கருத்து. பாசி செத்து அங்கேயே அழுகினால், அது எடுத்து வைத்ததெல்லாம் நீருக்கே திரும்பிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுவே.

மாங்குளம் சந்தி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடைய தொட்டியில் இருப்பது ரீச்சர் முதலில் சொன்ன இறகு வடிவப் பாசி. பரவொட்சைட்டு, நத்தை, ஆர்ஓ நீர் எல்லாம் செய்தாயிற்று. துளியும் அசையவில்லை.

பேசாலை அலை:

அது பிரையொப்சிஸ். அதற்கு ஊட்டத்தைக் குறைப்பது போதாது. நத்தையும் அநேகமாகத் தொடாது. புளூகொனசோல் என்ற பூஞ்சண மருந்தை லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் என்ற அளவில் ஒருமுறை இட்டு, வடிகட்டியில் கரி இருந்தால் அதை எடுத்துவிட்டு, ஸ்கிம்மரையும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) நிறுத்தி, இரண்டு வாரம் காத்திருப்பது பலரும் கண்ட வழி. 100 லீற்றருக்கு அரைக் கிராம். மருந்து பாமசியில் வைத்தியரின் சீட்டுக்குத்தான் கிடைக்கும் என்பதால், கேட்கும்போது எதற்கு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். காற்றூட்டத்தை மட்டும் குறைக்காதீர்கள், பாசி சாகும்போது ஒட்சிசன் குறையும். செந்நிறச் சளிப்படலத்துக்கு எரித்ரோமைசின் போடச் சொல்லி யாராவது எழுதினால் கேட்காதீர்கள். அது பாசியல்ல, சயனோபற்றீரியா என்பதால் மருந்து வேலை செய்யும்தான். ஆனால் கழிவை மக்கச் செய்யும் நல்ல பற்றீரியாவையும் சேர்த்துப் பாதிக்கலாம். உறிஞ்சு குழாயால் எடுத்துவிட்டு நீரோட்டத்தைக் கூட்டினால் பெரும்பாலும் போதும்.

முள்ளியவளை நெய்தல்:

நிலவரம் எழுதுகிறேன். ஆர்ஓ நீருக்கு மாறிய பின்னர் பாசி உடனே மறையவில்லை. பிடுங்கிய இடத்தில் திரும்ப முளைக்கும் வேகம் மட்டும் முதலில் குறைந்தது. இப்போது பாறைகளின் மேற்புறத்தில் குட்டையாக மட்டுமே நிற்கிறது. ட்ரோக்கஸ் நத்தைகள் அதைச் சுரண்டுகின்றன. பொசுபேற்று, ரீச்சர் சொன்னபடியே, 0.08 வரை ஏறிப் பின்னர் இறங்கத் தொடங்கியுள்ளது. வாடை மழை தொடங்கிவிட்டதால் தாங்கியும் வைத்தாயிற்று. எங்களுடையது ஓட்டுக் கூரை.

இப்போது கடல்நீர் பற்றி ஒரு கேள்வி. இந்த மழையில் அளம்பிலில் நீர் எடுக்கலாமா?

பேசாலை அலை:

இப்போது எடுக்காமல் விடுவதே நல்லது. அளம்பிலுக்கு வடக்கே வட்டுவாகலில் நந்திக்கடலும், தெற்கே நாயாறும் கடலோடு சேர்கின்றன. மழைக்கு முகத்துவாரம் வெட்டிக்கொண்டால் வயல் கழுவிய கலங்கல் நீர் கரையோடு பரவும். அதில் உவர்த்தன்மையும் குறைவு, உரமும் உண்டு. மழை விட்டுக் கரைநீர் தெளியும்வரை நீர் மாற்றத்தைத் தள்ளிப்போடலாம். மீன் குறைவாக உள்ள தொட்டிக்கு அதனால் கேடில்லை. அவசரமென்றால் கடையில் கிடைக்கும் கடலுப்புக் கலவையை மழைநீரில் கரையுங்கள். சமையல் உப்பு உதவாது, மகனீசியமும் கல்சியமும் உப்பளத்திலேயே கழிந்துவிடுகின்றன.

தை மாதத்துக்குப் பின்னர் போகும்போது அடர்த்திமானியையும் கையோடு கொண்டுபோய், கானை நிரப்பும் முன் கரையிலேயே அளந்து பாருங்கள். 25 பாகையில் 1.025க்குக் கிட்ட இருந்தால் எடுங்கள். 1.020க்குக் கீழே நின்றால் வெறுங்கானோடு திரும்பி, இரண்டு வாரம் கழித்துப் போங்கள்.

முள்ளியவளை நெய்தல்:

அப்படியே செய்கிறேன். கோடைக்கு முன் நான்கு கான் கூடுதலாக எடுத்து இருட்டறையில் வைப்பதாகவும் எண்ணம்.

பேசாலை அலை:

வைக்கலாம். மூடியை இறுக்கி, கானின் மேல் எடுத்த திகதியையும் அடர்த்தியையும் எழுதிவிடுங்கள். தொட்டிக்கு விடும் முன் ஒரு நாள் காற்றுக் குழாய் போட்டு வைத்தால் போதும்.